31 லட்சம் பிராங்க்குக்குப் போன பழைய ஒமேகா

2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்துக்கு ஒரு பழைய ஒமேகா வாட்ச் வந்தது. ஸ்பீட்மாஸ்டர் வகை, மாடல் எண் 2915-1. அதாவது 1957இல் வெளிவந்த முதல் வரிசை. பிறந்தபோது கறுப்பாக இருந்திருக்க வேண்டிய டயல், பால் சாக்லேட் நிறத்துக்கு மாறியிருந்தது. 80,000 முதல் 1,20,000 சுவிஸ் பிராங்க் வரை போகலாம் என்று ஏலப் பட்டியலில் மதிப்பு போட்டிருந்தார்கள். ஏலம் முடிந்து கமிஷனும் சேர்ந்தபோது விலை 31,15,500 பிராங்க். அதற்குமுன் எந்த ஒமேகாவும் ஏலத்தில் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் ஒமேகாகூட 2018இல் 18 லட்சம் பிராங்க் அளவோடு நின்றுவிட்டது.

ஒன்றரை ஆண்டு கழித்து, 2023 ஜூனில், அந்த வாட்ச்சின் பிறப்பே பொய் என்று வெளியானது. அதைச் சொன்னது ஒமேகா நிறுவனமேதான். ஏலத்தில் வாங்கியதும் அதே நிறுவனம்தான். இந்த வாட்ச் எந்த வழியாக வந்து எங்கே சேர்ந்தது என்று தொடர்ந்து பார்த்தால், பழைய வாட்ச் வாங்க நினைக்கும் எவருக்கும் ஒரு முழுப் பாடம் கிடைக்கும்.

சுவிட்சர்லாந்தின் பியல் நகரம் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போனது. ஒமேகாவின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. 1957இல் அந்நிறுவனம் மூன்று வாட்ச்களைச் சேர்த்து வெளியிட்டது. கடலில் மூழ்கி வேலை செய்பவர்களுக்கு சீமாஸ்டர் 300, காந்தப்புலத்துக்கு நடுவே வேலை செய்பவர்களுக்கு ரயில்மாஸ்டர், கார்ப் பந்தயக்காரர்களுக்கு ஸ்பீட்மாஸ்டர். ஸ்பீட்மாஸ்டரின் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினால் அது ஸ்டாப்வாட்ச்சாகவும் ஓடும். வேகம் கணக்கிடும் அளவுகோலை டயலிலேயே அச்சடிப்பது அன்றைய வழக்கம். ஒமேகா அதை எடுத்துக் கண்ணாடியைச் சுற்றியுள்ள பெஸல் வளையத்தில் பொறித்தது. ஒரு கிலோமீட்டரைக் கடக்க 30 வினாடி ஆனால் முள் 120 என்ற எண்ணுக்கு நேரே நிற்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் என்று படித்துக்கொள்ளலாம்.

முதல் வரிசைக்கென்று சில அடையாளங்கள் உண்டு. பெஸல் பளிச்சென்ற எஃகில் இருக்கும்; பின்னால் வந்தவற்றில் அது கறுப்பு. மணி முள்ளின் முனை அகன்ற அம்புபோல இருக்கும். உள்ளே ஓடுவது காலிபர் 321 என்ற மிஷின். லெமானியா நிறுவனத்தில் 1940களில் உருவான வடிவமைப்பு அது. 27 மில்லிமீட்டர் அகலம், 17 கற்கள், கையால் சாவி கொடுக்க வேண்டும்.

இந்தக் கதைக்கு மிக முக்கியமான விவரம் எண்களில் இருக்கிறது. அந்தக் காலத்து ஸ்பீட்மாஸ்டரில் ஒவ்வொரு வாட்ச்சுக்கும் உரிய வரிசை எண் மிஷினின் மேல்தான் பொறிக்கப்பட்டது. பின்மூடியின் உட்புறத்தில் இருப்பது மாடல் எண் மட்டும். வெளிக்கூடான கேஸுக்கென்று தனி எண் கிடையாது. எந்த எண்ணுள்ள மிஷின் எந்த மாடலில் பொருத்தப்பட்டது, என்றைக்குத் தொழிற்சாலையை விட்டுப் போனது என்பதை ஒமேகா தன் பதிவேடுகளில் எழுதி வைத்தது. பிற்காலத்தில் பழைய வாட்ச் வைத்திருப்பவர் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்தப் பதிவின் நகலைச் சான்றாகத் தந்தார்கள். அந்தச் சான்று மிஷினைப் பற்றியது. அந்த மிஷினைச் சுற்றி இன்று இருக்கும் கேஸும் டயலும் முள்ளும் அதனோடு பிறந்தவையா என்று அதனால் சொல்ல முடியாது.

ஒரே வாட்ச்சின் பாகங்கள் ஏன் பிரிந்து போகின்றன? வாட்ச் உழைக்கும் பொருள் என்பதால்தான். சர்வீஸுக்குப் போனால் தேய்ந்த பெஸலைக் கழற்றிப் புதியதைப் போடுவார்கள். ஒளிப்பூச்சு உதிர்ந்த முள்ளை மாற்றுவார்கள். கேஸைப் பாலிஷ் போட்டுத் தருவார்கள். 1960களில் யாரும் இதைக் குறையாக நினைக்கவில்லை. வாட்ச் சரியாக ஓடினால் போதும் என்றிருந்தார்கள். அதனால் முதல் வரிசையின் எஃகு பெஸல்களும் அம்பு முள்களும் வெகுவாகக் குறைந்துபோயின. கழற்றியவற்றுள் பல குப்பைக்குப் போயின. சில ரிப்பேர்காரர்களின் டப்பாக்களில் தங்கின.

பிறகு நிலவு வந்தது. 1965 மார்ச்சில் நாசா பல நிறுவனங்களின் வாட்ச்களைக் கடும் வெப்பத்திலும் குளிரிலும் அதிர்விலும் சோதித்து, ஸ்பீட்மாஸ்டரை விண்வெளிப் பயணங்களுக்குத் தேர்ந்தெடுத்தது. 1969 ஜூலையில் பஸ் ஆல்ட்ரின் அதைக் கட்டிக்கொண்டு நிலவில் நடந்தார். அதன்பின் ஸ்பீட்மாஸ்டரின் ஒவ்வொரு மாடலுக்கும் சேகரிப்பாளர்கள் உருவானார்கள். வரிசையில் முதலாவது என்பதால் 2915-1க்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. சில டயல்களில் கறுப்புச் சாயம் ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டுப் பழுப்பாகிவிடும். அவற்றை ‘டிராபிகல்’ என்கிறார்கள். தொழிற்சாலைக் கணக்கில் அது சாயத்தின் குறை. சேகரிப்பாளர் கணக்கில் அது இரண்டாவதாக ஒன்று செய்ய முடியாத அழகு. விலை பல மடங்கு ஏறும். அடுப்புச் சூட்டிலும் புற ஊதா விளக்கிலும் வைத்து டயலைப் பழுப்பாக்கும் ஏமாற்றும் அதனாலேயே பிறந்தது.

நம் வாட்ச் உருவானது இந்தச் சந்தைக்காகத்தான். ஒமேகா 2023இல் அறிவித்தபடி, அது பெரும்பாலும் வேறு பழைய ஒமேகாக்களின் பாகங்களைக் கொண்டு சேர்க்கப்பட்ட வாட்ச். சேகரிப்பாளர்கள் இப்படிப்பட்டதை ‘ஃபிராங்கன்’ வாட்ச் என்பார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாகங்கள் ஒவ்வொன்றும் ஒமேகாவாக இருந்தாலும் வாட்ச் பொய்யாக முடியும். அது சொல்லிக்கொண்டது ‘நான் 1957இல் இப்படியே பிறந்து இப்படியே பிழைத்து வந்தேன்’ என்பதை. 31 லட்சம் பிராங்க்கும் கொடுக்கப்பட்டது அந்த வாக்கியத்துக்குத்தான். எஃகுக்கும் கற்களுக்கும் யாரும் அந்த விலை தரமாட்டார்கள்.

ஏலத்தில் விலை ஏற வேண்டுமானால் குறைந்தது இரண்டு பேர் போட்டி போட வேண்டும். மதிப்பீட்டைப் போல 25 மடங்குக்கும் மேல் போன அந்த விலையின் மறுபக்கத்தில் இருந்தது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். பியல் நகரில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் வடிவமைத்து 2019இல் திறக்கப்பட்ட கட்டடத்தில் அது இருக்கிறது. நிறுவனத்தின் விளக்கம் இது: அருங்காட்சியகத்தையும் பாரம்பரியப் பிரிவையும் கவனித்த அதன் முன்னாள் ஊழியர் ஒருவர், இது அரிதினும் அரிது, நம் சேகரிப்பில் இருந்தே ஆக வேண்டும் என்று மேலிடத்தை நம்பவைத்தார், இடைத்தரகர்களோடு சேர்ந்து வேலை நடந்தது, அவரோடு சேர்த்து முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் பங்கு உண்டு. தானும் ஃபிலிப்ஸும் சேர்ந்தே ஏமாற்றப்பட்டதாகச் சொல்லி, குற்றவியல் புகார் கொடுக்கப்போவதாகவும் ஒமேகா அறிவித்தது. ஃபிலிப்ஸ் தன் தரப்பில் சொன்னது: மிஷின் எண், மாடல், தயாரித்த தேதி, விற்ற தேதி எல்லாவற்றையும் ஒமேகாவிடமே கேட்டு உறுதி செய்தோம்; வாட்ச்சையும் அவர்கள் பார்த்தார்கள்; இந்தச் செய்தி வெளியாகும்வரை யாரும் சந்தேகம் சொன்னதில்லை.

இரண்டு வாக்குமூலங்களையும் சேர்த்துப் படித்தால் ஓட்டை எங்கே என்று தெரியும். ஏலம் கேட்டவர்கள் ஏல நிறுவனத்தை நம்பினார்கள். ஏல நிறுவனம் தயாரித்தவரின் பதிவேட்டை நம்பியது. தயாரித்த நிறுவனம் தன் பாரம்பரியப் பிரிவை நம்பியது. ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நினைத்த சங்கிலி அது. பிறப்புச் சான்று தரும் இடமும் வாங்கச் சொல்லும் இடமும் ஒரே கூரையின் கீழ் வந்தபோது, குறுக்கே நின்று கேள்வி கேட்க ஆளே இல்லாமல் போனது. சந்தேகம் கிளம்பியது இந்தச் சங்கிலிக்கு வெளியேதான். படங்களைப் பெரிதாக்கிப் பாகம் பாகமாக ஒப்பிட்டுப் பார்க்கும் சுயேச்சையான சேகரிப்பாளர்களும், அதைச் செய்தியாக்கிய சுவிஸ் நாளிதழும் இல்லையென்றால், அந்த வாட்ச் இன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் பெருமையோடு இருந்திருக்கும்.

பழைய வாட்ச்சுக்குள் எழுதப்பட்டிருக்கும் சாட்சியங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இருட்டில் ஒளிரும் பூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களில் அதில் ரேடியம் கலந்தார்கள். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. ஆனால் அந்தக் கதிர்வீச்சைத் தாங்கி ஒளிரும் துத்தநாக சல்ஃபைடு சில பத்தாண்டுகளிலேயே எரிந்து ஓய்ந்துவிடும். அதனால் 1957ஆம் ஆண்டு டயல் இருட்டில் பிரகாசிக்கக் கூடாது. அதே சமயம் கதிர்வீச்சு அளக்கும் கைகர் கருவியை அருகில் கொண்டுபோனால் அது சத்தமிட வேண்டும். 1960களில் ரேடியத்தின் இடத்துக்கு வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 ஆண்டுதான். இன்றைய பூச்சுகளில் கதிர்வீச்சே இல்லை. வெளிச்சத்தைக் குடித்து இருட்டில் உமிழும். டயலில் ஒரு காலத்துப் பூச்சும் முள்ளில் வேறு காலத்துப் பூச்சும் இருந்தால், அவை சேர்ந்து பிறந்தவை அல்ல.

கேஸின் விளிம்புகள் இன்னொரு சாட்சி. தொழிற்சாலையில் கூராக வெட்டிய ஓரங்கள் ஒவ்வொரு பாலிஷுக்கும் கொஞ்சம் மழுங்கும். எழுபது வயது வாட்ச்சில் டயல் வெயிலில் பழுத்திருக்க, பெஸலில் ஒரு கீறல்கூட இல்லையென்றால் அவை ஒரே வெயிலைப் பார்த்தவையா என்று கேட்க வேண்டும். எண் பொறித்த இடத்தில் உலோகம் பள்ளமாகவோ மேற்பரப்பு வேறு விதமாகவோ இருந்தால், பழைய எண்ணை ராவிவிட்டுப் புதிய எண் போட்டிருக்கலாம். எழுத்தின் தடிமனும் இடைவெளியும்கூட அந்தந்த ஆண்டுக்கு உரியவையாக இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதுதான் சோதனை.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பாகம் மாற்றுவது பாவமில்லை. ஓடுவதற்காகச் செய்யப்பட்ட பொருளுக்குப் பழுது பார்க்காமல் ஆயுள் நீடிக்காது. மாற்றிய பெஸலை மாற்றியது என்றே சொல்லி, அதற்குத் தக்க விலைக்கு விற்பவர் நேர்மையான வியாபாரி. அப்படிப்பட்ட வாட்ச்சை ஆசையோடு வாங்கிக் கட்டிக்கொண்டு போவதில் எந்தக் குறையும் இல்லை. மாற்றியதை மறைத்து, ‘பிறந்தபடியே இருக்கிறது’ என்று கூடுதல் விலை கேட்கும்போதுதான் அது மோசடியாகிறது.

பழைய ஆடம்பர வாட்ச்களின் சந்தை இன்று பெருநிறுவனங்களின் கவனத்துக்கும் வந்துவிட்டது. ரோலெக்ஸ் 2022 டிசம்பரில், தானே சரிபார்த்துச் சான்றளித்த பழைய வாட்ச்களைத் தன் அதிகாரபூர்வக் கடைகள் வழியே விற்கும் திட்டத்தைத் தொடங்கியது. தயாரித்தவரே சரிபார்ப்பது நல்ல ஏற்பாடுதான். கள்ள உதிரிப் பாகத்தை அவர்களைப்போல் எளிதாகக் கண்டுபிடிக்க வேறு யாராலும் முடியாது. ஆனாலும் ஸ்பீட்மாஸ்டர் விவகாரத்துக்குப் பிறகு, முத்திரை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதைப் போடுவது ஒரு மனிதக் கை என்பதை மறக்க முடியாது.

ஆகவே பழைய வாட்ச் வாங்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. பணம் கொடுக்கும் முன் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுப்பவரிடம் வாங்காதீர்கள். மிஷின் எண்ணை நீங்களே படித்துச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். பெட்டியும் காகிதங்களும் தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். எந்தப் பாகம் எப்போது மாறியது என்று எழுத்தில் வாங்குங்கள். திருடப்பட்ட வாட்ச்களின் எண்களைத் தொகுத்து வைக்கும் பதிவேடுகள் இருக்கின்றன, அவற்றிலும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த விற்பனையால் ஒரு காசும் லாபம் அடையாத, அந்த மாடலைப் பழகிய ஒரு ரிப்பேர்காரரிடம் கூலி கொடுத்துக் காட்டுங்கள். ஒரு வாட்ச்சின் வரலாற்றைச் சொல்பவரும் அதை விற்று லாபம் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கும்வரை, அந்த வரலாற்றுக்குத் தனி விலை கொடுக்காதீர்கள்.