காட்டேஜ் பையும் உருளைக்கிழங்கின் கதையும்

ஆங்கிலேயர் வீடுகளில் குளிர்கால மாலைகளில் ஆவி பறக்க மேசைக்கு வரும் எளிய உணவு ஒன்று உண்டு. 'காட்டேஜ் பை' என்பது அதன் பெயர். 'பை' என்றவுடன் சாமான் வாங்கக் கடைக்குக் கொண்டு செல்லும் பைதான் நம் நினைவுக்கு வரும். அதுவன்று இது. உள்ளே இறைச்சியையோ பழத்தையோ வைத்து, மேலே கோதுமை மாவால் மூடிச் சுடும் பண்டத்தை ஆங்கிலேயர் அவ்வாறு அழைப்பர். ஆனால், இந்தப் பண்டத்தில் மாவு மூடி இல்லை. அதன் இடத்தில் மசித்த உருளைக்கிழங்கு இருக்கிறது. மாவின் இடத்தைக் கிழங்கு எப்படிப் பிடித்தது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் அதைச் செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறோம். வெங்காயத்தையும் காரட்டையும் பொடியாக நறுக்கிக் கொழுப்பில் வதக்க வேண்டும். கொத்திய மாட்டிறைச்சியைச் சேர்த்துச் சிவக்க வறுத்து, சிறிது கோதுமை மாவு தூவி, எலும்பு வேகவைத்த சாற்றை ஊற்றி, மெல்லிய தீயில் கொதிக்கவிட வேண்டும். சாறு வற்றிக் கெட்டியாக வேண்டும் என்பது முக்கியம். தண்ணீராக இருந்தால் மேலே வைக்கும் கிழங்கு உள்ளே அமிழ்ந்துவிடும். வெந்த உருளைக்கிழங்கைப் பாலும் வெண்ணெயும் சேர்த்துக் கட்டியின்றி மசித்து, இறைச்சியின் மேல் பரப்பி, முள்கரண்டியால் வரிவரியாகக் கீறிவிடுவர். அழகுக்காக மட்டும் அன்று. ரொட்டி சுடும் அடுப்பில் வைத்தால் அந்த வரிகளின் முகடுகள்தாம் முதலில் பொன்னிறமாக முறுகும். பிள்ளைகள் சண்டையிட்டுக்கொள்வது அந்த முறுகலுக்காகத்தான். மாட்டிறைச்சி உண்ணாதவர் ஆட்டிறைச்சியில் செய்யலாம். அப்போது அதற்கு 'ஷெப்பர்ட்ஸ் பை', அதாவது இடையன் பை, என்று பெயர். இந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அச்சில் வருகிறது.

காட்டேஜ் பை என்ற பெயரோ அதற்கும் மூத்தது. நார்ஃபோக் பகுதியில் மதகுருவாக இருந்த ஜேம்ஸ் உட்ஃபர்ட் என்பவர் தாம் உண்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர். அந்தக் குறிப்பில் 1791ஆம் ஆண்டிலேயே இப்பெயர் காணப்படுகிறது. காட்டேஜ் என்பது நாட்டுப்புறக் கூலித் தொழிலாளர் குடியிருந்த சிறு வீடு. பெயர் குடிசைக்குரியது, எழுதி வைத்தவரோ வயிறார உண்ட மதகுரு!

உருளைக்கிழங்கின் தாயகம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக அது ஐரோப்பாவுக்கு வந்தது. ஆங்கிலேயரான ஜான் ஜெரார்டு 1597இல் வெளியிட்ட மூலிகை நூலில் அதனைப் பற்றி எழுதினார். ஆயினும், கோதுமை ரொட்டியை உயிராகக் கருதிய ஆங்கிலத் தொழிலாளி அதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1795இல் விளைச்சல் பொய்த்தது. பிரான்சுடன் போரும் நடந்துகொண்டிருந்தது. ரொட்டி விலை ஏறி ஊர்தோறும் கலகம் மூண்டபோது, உருளைக்கிழங்கைப் பயிரிட்டு உண்ணுங்கள் என்று வேளாண்மை வாரியம் பரப்புரை செய்தது. வில்லியம் கோபெட் என்ற எழுத்தாளர் இதை மூர்க்கமாக எதிர்த்தார். தொழிலாளியிடமிருந்து ரொட்டியைப் பறித்துக் கிழங்கைக் கொடுப்பது அவனைத் தாழ்த்துவதாகும் என்பது அவர் வாதம். அவர் கிழங்கின்மேல் கொண்ட வெறுப்பு பிடிவாதந்தான். ஆனால், மலிவான உணவைக் காட்டிக் கூலியைக் குறைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. அயர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள்.

அயர்லாந்தில் நிலம் பெரும்பாலும் நிலப்பிரபுக்களின் கையில் இருந்தது. உழவன் விளைவித்த தானியமும் வளர்த்த கால்நடையும் வாடகைக்காக விலையாயின. அவன் குடும்பம் உண்ண எஞ்சியது சிறு துண்டு நிலம். அத்தனைச் சிறிய நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பக்கூடிய பயிர் உருளைக்கிழங்கு ஒன்றுதான். உழைக்கும் ஆண் நாளொன்றுக்குப் பத்து இறாத்தலுக்கு மேல் உண்டான். ஏறக்குறைய 30 லட்சம் பேருக்கு அதுவே முழு உணவு. அவர்களுள் ஏழைகள் பயிரிட்டதும் பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே வகை.

1845ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பூசணத்தை ஒத்த ஒரு நுண்ணுயிர் அந்தப் பயிரைத் தாக்கியது. இலைகள் கருகின, மண்ணுக்குள் இருந்த கிழங்கு அழுகி நாறியது. 1846இல் விளைச்சல் அனேகமாக முழுவதும் போயிற்று. முதலில் பிரதமர் பீல் அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் தருவித்தார். அவருக்குப் பின் வந்த அரசு, உணவு வணிகத்தில் தலையிடலாகாது என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டது. 1847 கோடையில் அரசின் கஞ்சித்தொட்டிகள் நாள்தோறும் 30 லட்சம் பேர்வரை உணவளித்தன. பிறகு அவையும் மூடப்பட்டன. பஞ்ச காலத்திலும் தானியமும் கால்நடையும் கப்பலேறிக்கொண்டே இருந்தன என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அதே அளவு மக்கள் நாட்டை விட்டு வெளியேறினர். 1841இல் 81 லட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சமாகக் குறைந்தது.

அந்நாளில் இலண்டன் கருவூலத்தில் இருந்து நிவாரணத்தை நடத்தியவர் சார்லஸ் டிரெவெலியன். பஞ்சம் ஓயுமுன்பே, 1848இல், அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. இவர் 1859இல் சென்னையின் ஆளுநராக வந்தார் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

இங்கிலாந்தில் ரொட்டியும் பிறவும் துணைக்கு இருந்தமையால் கிழங்கு நோய் அவ்வளவு உயிர்களைக் கொள்ளவில்லை. அங்கே கிழங்கு இறைச்சிக்குத் துணையாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வறுத்த இறைச்சியில் மிஞ்சியதைத் திங்கட்கிழமை கத்தியால் கொத்தி, கிழங்கால் மூடிச் சுட்டுவிடுவாள் குடும்பத்தலைவி. திங்கள் துணி துவைக்கும் நாள். புதிதாகச் சமைக்க அவளுக்கு நேரமேது? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கையால் சுற்றும் இறைச்சி அரைக்கும் இயந்திரம் வீடுகளுக்கு வந்தபின் இவ்வேலை இன்னும் எளிதாயிற்று.

இரண்டாம் உலகப்போரில் இந்தப் பண்டத்துக்கு மீண்டும் மதிப்பு வந்தது. 1940 மார்ச்சு மாதத்தில் பிரிட்டனில் இறைச்சிக்குப் பங்கீடு வந்தது. பங்கீடு எடையால் அன்று, விலையால். ஆளுக்கு வாரம் ஒரு ஷில்லிங் பத்துப் பென்ஸ் என்று தொடங்கி, மறு ஆண்டிலேயே அது மேலும் குறைந்தது. கோதுமை கொண்டுவந்த கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. உள்நாட்டில் விளைந்த உருளைக்கிழங்குக்கோ போர் முடியும்வரை பங்கீடே இல்லை. 'பொட்டேட்டோ பீட்' என்ற கேலிச்சித்திர உருவத்தைக் கொண்டு உணவு அமைச்சு அதை உண்ணச் சொல்லி விளம்பரம் செய்தது. அமைச்சர் ஊல்ட்டன் பிரபுவின் பெயரில் இறைச்சியே இல்லாத ஒரு பையும் வந்தது. மக்கள் அதை விரும்பி உண்ணவில்லை. அதைவிட, ஒரு பிடி இறைச்சியைக் காரட்டாலும் கிழங்காலும் பெருக்கி நான்கு பேருக்குப் பரிமாறிய காட்டேஜ் பையே வீட்டாருக்கு ஆறுதலாக இருந்தது. போர் முடிந்தும் தட்டுப்பாடு தீரவில்லை. 1947இல் கிழங்குக்கும் கட்டுப்பாடு வந்தது. இறைச்சிப் பங்கீடு முற்றாக நீங்கியது 1954ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள். அதன்பிறகுதான் ஆங்கிலக் குடும்பத்தலைவி கைவசமுள்ள பணத்துக்கு ஏற்ற இறைச்சியைக் கடையில் கேட்டு வாங்க முடிந்தது.