முடிவை விட்டுக்கொடுத்த கதைசொல்லி: அகுஸ்தோ போவாலின் அரங்கும் ஆசிரியப் பணியும்

1993 முதல் 1996 வரையிலான நான்கு ஆண்டுகளில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ மாநகர மன்றம் இயற்றிய சட்டங்களில் பதின்மூன்று நாடக மேடையில் கருக்கொண்டவை. மாநகராட்சி மருத்துவமனைகளில் முதியோர் மருத்துவம் கற்றவர்கள் பணியில் இருக்க வேண்டும் என்றது ஒரு சட்டம். தெருவோரப் பொதுத் தொலைபேசிகளின் அடியில் தளம் எழுப்பக் கோரியது இன்னொன்று. அந்த நகரத்தில் பொதுத் தொலைபேசிகள் கம்பத்தின் மேல் கவிந்த கூண்டுகளாக இருந்தன. பார்வையற்றவரின் கைத்தடி கூண்டுக்குக் கீழே வெற்றிடத்தில் போகும். அடுத்த அடியில் தலை மோதும். அந்த இடியை அன்றாடம் பட்டவர்களே அதை நடித்துக் காட்டினார்கள். குற்ற வழக்குகளில் சாட்சி சொல்வோருக்குப் பாதுகாப்பு அளிக்கும் சட்டமும் இந்தப் பதின்மூன்றில் அடங்கும்.

இவற்றை மன்றத்தில் முன்மொழிந்தவர் அகுஸ்தோ போவால் (1931–2009). நாடக இயக்குநர், நாடகாசிரியர், அந்த நான்காண்டுகளில் தொழிலாளர் கட்சியின் மன்ற உறுப்பினர். பார்வையாளரை எழுப்பி நடிகராக்கியதே அவருடைய பெருஞ்சாதனை என்று அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் பார்வையாளர் மேடையேறுவது மட்டும் ஒரு சட்டத்தைப் பிறப்பிக்காது. ஏறியவர் சொன்னதைக் கேட்க ஒருவர் வேண்டும். அதை எழுதி வைக்க வேண்டும். உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்லவும் வேண்டும். இந்த வேலைகளைச் செய்பவரை ஆசிரியர் என்றே அழைக்கத் தோன்றுகிறது. போவாலின் அரங்கு குடிமைச் செயலாக மாறியது இந்த ஆசிரியப் பணியால்தான் என்பதும், அது கைவிடப்பட்ட இடங்களில் அதே வடிவம் வெறும் பிரச்சாரமாகச் சுருங்கிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ரியோவில் ரொட்டிக் கடை நடத்திய ஒருவரின் மகன் போவால். வேதிப் பொறியியல் படித்தார். மேற்படிப்புக்காக நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது ஜான் காஸ்னரின் நாடக எழுத்து வகுப்பிலும் சேர்ந்தார். 1956இல் சாவோ பாவ்லோவின் அரேனா அரங்கில் இயக்குநரானார். 1958இல் அங்கே நாடக எழுத்துப் பயிலரங்கு ஒன்று தொடங்கியது. உள்நாட்டு எழுத்தாளர்கள் உள்நாட்டு வாழ்க்கையை எழுதி, ஒருவர் பிரதியை மற்றவர் கூர்மையாக விமர்சித்த இடம் அது. அவர் இயக்கியவற்றையே பேசும் வரலாறுகள் இந்தப் பயிலரங்கை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கற்பிப்பதையும் படைப்பதையும் ஒரே அறையில் வைக்கும் பழக்கம் அவருக்கு வந்தது இங்கிருந்துதான் என்று நான் கருதுகிறேன்.

அக்காலத்து அரேனா நாடகங்களிலும் ஒரு குறை இருந்தது. போவாலே பிற்காலத்தில் பல இடங்களில் விவரித்த நிகழ்ச்சி அதைத் தெளிவாகக் காட்டுகிறது. வடகிழக்குப் பிரேசிலின் வறண்ட நிலத்து உழவர்களிடையே ஒரு நாடகம் போட்டார்கள். நிலத்துக்காக இரத்தம் சிந்துவோம் என்று நடிகர்கள் துப்பாக்கிகளை உயர்த்தும் காட்சியோடு அது முடிந்தது. விர்ஜிலியோ என்ற உழவர் நெகிழ்ந்துபோனார். நிலக்கிழாரின் ஆட்கள் எங்கள் தோழர் ஒருவரின் நிலத்தைப் பிடித்துவிட்டார்கள், துப்பாக்கிகளோடு இப்போதே வாருங்கள் என்று அழைத்தார். இவை மேடைத் துப்பாக்கிகள், சுடாது என்றார்கள் நடிகர்கள். பரவாயில்லை, எங்களிடம் வேண்டிய துப்பாக்கிகள் இருக்கின்றன என்றார் அவர். நாங்கள் கலைஞர்கள், போராளிகள் அல்லர் என்று தயங்கியபோது விர்ஜிலியோவுக்குப் புரிந்தது: சிந்தச் சொன்ன இரத்தம் உழவருடையது, நடிகருடையது அல்ல.

இதை நடிகர்களின் கோழைத்தனமாகப் படிப்பது எளிது. எனக்கு இது கற்பித்தலின் பிழையாகவே படுகிறது. விளைவைத் தான் சுமக்காத ஒருவர் இன்னொருவரின் வாழ்க்கைக்கு முடிவு எழுதிக் கொடுத்தார். நிலக்கிழாரின் ஆட்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், தோற்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த உழவருக்குத் தெரியும், நாடகக்காரருக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் கேட்காமல் தெரியாதவர் பாடம் நடத்தினார்.

1964இல் பிரேசிலில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1968 டிசம்பரில் வந்த ஐந்தாம் நிறுவனச் சட்டம் அடக்குமுறையை முழுமையாக்கியது. நாடகம் போடுவதே அரிதான அந்த நாட்களில், அரேனாவின் இளைஞர்களோடு சேர்ந்து போவால் செய்தித்தாள் அரங்கை உருவாக்கினார். அன்றைய நாளிதழின் செய்தியை எப்படிக் காட்சியாக்குவது, ஒரு செய்தியை இன்னொன்றோடு எதிர் நிறுத்தி மறைக்கப்பட்டதை எப்படி வெளிக்கொணர்வது என்ற உத்திகளைத் தொழிற்சங்கங்களுக்கும் மாணவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார்கள். முடிந்த நாடகத்தைக் கொடுக்காமல், நாடகம் செய்யும் வழியைக் கொடுத்தார்கள். 1971இல் அவர் கைது செய்யப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். பிறகு அர்ஜென்டினாவுக்கு நாடு கடந்தார்.

1973இல் பெரு நாட்டு எழுத்தறிவுத் திட்டத்தில் பணியாற்ற அழைப்பு வந்தது. பாவ்லோ ஃப்ரெய்ரேயின் கல்விச் சிந்தனையை அடியொற்றிய திட்டம் அது. கற்போர் பலருக்கு ஸ்பானிய மொழி தாய்மொழியன்று. ஆகவே பயிற்றுநர்கள் கேள்வியைச் சொல்லால் கேட்டு, விடையைப் புகைப்படமாக எடுத்து வரச் சொன்னார்கள். சுரண்டல் என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒரு சிறுவன் சுவரில் அடித்த ஓர் ஆணியின் படத்தைக் கொண்டு வந்தான். பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்றச் சிறுவர்களுக்கு உடனே விளங்கியது. அவர்கள் நகரத்துக்குப் போய்ச் செருப்புக்கு மெருகு போடுபவர்கள். கனமான பெட்டியைத் தினமும் வீட்டுக்குத் தூக்கி வர முடியாததால், கடைச் சுவரில் ஓர் ஆணியை வாடகைக்கு எடுத்து இரவில் அதில் மாட்டிவிட்டு வருவார்கள்.

இந்த ஆணி போவாலின் கல்விமுறையை அவருடைய கோட்பாட்டு நூல்களைவிடத் துல்லியமாக விளக்குகிறது. கேள்வி ஆசிரியருடையது, விடையின் பொருள் கற்போரின் உலகத்தில் இருக்கிறது. அதை எட்ட ஆசிரியர் மற்றச் சிறுவர்களிடம் கேட்டாக வேண்டும். கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் படம் தவறான விடை என்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

மேடையிலும் இதே பாடம் வந்தது. கணவன் ஏமாற்றியதை அறிந்த ஒரு பெண்ணின் கதை பெருவில் நடிக்கப்பட்டது. அவன் திரும்பி வரும்போது அவள் என்ன செய்ய வேண்டும் என்று பார்வையாளரைக் கேட்டு, அவர்கள் சொன்னபடி நடிகர்கள் நடித்துக் காட்டினார்கள். தெளிவாகப் பேசிவிட்டுப் பிறகு மன்னிக்க வேண்டும் என்றார் பார்வையாளர் வரிசையிலிருந்த ஒரு பெண். எத்தனை முறை நடித்தும் அவர் நிறைவடையவில்லை. கடைசியில் நீங்களே வந்து காட்டுங்கள் என்றார் போவால். அவர் மேடையேறித் துடைப்பத்தை எடுத்து, கணவனாக நடித்தவரை வெளுத்து வாங்கினார். பிறகு மன்னித்து, தனக்குச் சூப் எடுத்து வரச் சொன்னார். அவர் மனத்தில் இருந்த தெளிவான பேச்சு இதுதான். இன்னொருவர் உடலால் அதை நடித்துக் காட்ட இயலாது என்பதை உணர்ந்ததிலிருந்து விவாத அரங்கு பிறந்தது. தோல்வியில் முடியும் ஒரு காட்சி முதலில் நடிக்கப்படும். மீண்டும் தொடங்கும்போது, பார்ப்பவர் யாரும் ‘நிறுத்து’ என்று சொல்லி ஒடுக்கப்பட்ட பாத்திரத்தின் இடத்துக்கு வரலாம். எதிர்ப் பாத்திரங்கள் எளிதில் விட்டுக்கொடுக்கமாட்டா. இடையே ஜோக்கர் எனப்படுபவர் நிற்பார். இது நடக்கக்கூடியதா என்று கேட்பார், வேறு வழி உண்டா என்று கேட்பார், தன் தீர்ப்பைச் சொல்லமாட்டார்.

ஐரோப்பாவில் கழித்த ஆண்டுகளுக்குப் பிறகு 1986இல் போவால் ரியோவுக்குத் திரும்பினார். மானுடவியல் அறிஞரும் அப்போதைய மாநிலத் துணை ஆளுநருமான டார்சி ரிபெய்ரோ அவரை அழைத்தார். முழுநாள் அரசுப் பள்ளிகளில் நாடகம் வழியே பணியாற்றப் பண்பாட்டுப் பணியாளர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதும் திட்டம் நலிந்தது. பயிற்சி பெற்ற சிலரோடு போவாலின் ஒடுக்கப்பட்டோர் அரங்க மையம் மட்டும் வறுமையோடு தொடர்ந்தது. 1992 தேர்தலில் போவால் வேட்பாளரானதற்கு இந்த வறுமையும் ஒரு காரணம்.

மன்ற உறுப்பினருக்கு அலுவலக ஊழியர்களை அமர்த்திக்கொள்ள உரிமை உண்டு. போவால் தம் நாடகக்காரர்களை அந்த இடங்களில் அமர்த்தினார். அவர்கள் குடிசைப்பகுதி மக்கள், தெருச் சிறார், வீட்டுப் பணியாளர், முதியோர், மனநல மருத்துவமனையில் இருந்தோர் எனப் பல குழுக்களோடு நாடகம் உருவாக்கினார்கள். ஒவ்வொரு விவாத அரங்கிலும் பார்வையாளர் முன்வைத்த தீர்வுகள் அறிக்கையாக எழுதப்பட்டன. அந்த அறிக்கைகளை ஒரு சிறு குழு அலசியது. சட்டம் அறிந்தவர்கள் வரைவு எழுதினார்கள். போவால் மன்றத்தில் அதை வாதிட்டார். சில பொருள்களில் சதுக்கத்திலேயே மன்றக் கூட்டம் போல அமர்ந்து மக்கள் விவாதித்தார்கள். இந்த முறையே சட்டமியற்று அரங்கு எனப்பட்டது.

விவாத அரங்கு கோபத்துக்கு வடிகால் ஆகிவிடுகிறது, மேடையில் வென்றவர் நிறைவோடு வீடு திரும்பிவிடுகிறார் என்பது கவனத்துக்குரிய விமர்சனம். அரிஸ்டாட்டில் விளக்கிய உணர்ச்சித் தூய்மையாக்கத்தையே ஒடுக்குமுறையின் கருவி என்று சாடியவர் போவால் என்பதால் இது அவரைச் சரியான இடத்தில் தாக்குகிறது. அறிக்கை எழுதப்படாத, மறுமுறை யாரும் வராத நிகழ்வுகளுக்கு இந்த விமர்சனம் முற்றிலும் பொருந்தும். முன்கூட்டியே முடிவுசெய்த சுகாதாரச் செய்தியைச் சொல்ல விவாத அரங்கைப் பயன்படுத்தும் நிதித் திட்டங்களை இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டும். சரியான விடை நிறுவனத்தின் கையில் இருக்கும்போது பார்வையாளர் மேடையேறுவது தேர்வு எழுதுவதற்கு ஒப்பாகும். 1985 முதல் மேற்கு வங்கத்தில் இயங்கும் ஜன சன்ஸ்கிருதி இதற்கு மாற்று. கிராமத்து உழைப்பாளர்களே அங்கு நடிகர்கள். வரதட்சணை, கள்ளச்சாராயம் போன்ற பொருள்களில் ஒரே ஊருக்கு மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்வதை அவர்கள் முறையாகக் கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் நிகழ்வு அங்கே தொடர் வகுப்பாகிறது.

1996 தேர்தலில் போவால் தோற்றார். ஊழியர் ஊதியம் நின்றது. குழுக்களில் பல கலைந்தன. பத்தாண்டுகளுக்குள் இரண்டாம் முறையாக அதே அடி. சட்டமியற்று அரங்கின் தோல்வியை அதன் கலை வடிவத்தில் தேடும் ஆய்வுகள் இந்த எளிய கணக்கைத் தவறவிடுகின்றன. வாரந்தோறும் குடிசைப்பகுதிக்குப் போய், ஒத்திகை நடத்தி, அறிக்கை எழுதிய மனிதருக்குச் சம்பளம் வந்த வரையில் சட்டங்கள் வந்தன. கலை, கல்வி, பொதுப்பணி மூன்றும் கூடிய வேலைக்கு எந்தத் துறையின் வரவுசெலவிலும் நிலையான தலைப்பு இல்லாததே அந்த அடிக்குக் காரணம். பண்பாட்டுத் துறை அதை நாடகக் குழுவாகவும், கல்வித் துறை பாடத்துக்குப் புறம்பான பயிற்சியாகவும், நகராட்சி அரசியல்வாதியின் தனி ஏற்பாடாகவும் பார்த்தன. பின்னர், கில்பெர்ட்டோ கில் பிரேசிலின் பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது 2004இல் அறிமுகமான ‘பண்பாட்டு முனைகள்’ திட்டம், ஏற்கெனவே அடித்தட்டில் இயங்கும் குழுக்களுக்கு நேரடியாக நிதி தரத் தொடங்கியது. போவாலின் மையம் நாட்டின் பல பகுதிகளில் ஜோக்கர்களைப் பயிற்றுவிக்க முடிந்ததற்கு அந்த நிதி உதவியது.