மங்கல் நிலவும் சோழிக் கணக்கும்

2020-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் இரவு, ஊரடங்குக் காலத்திலும் நம் குடியிருப்பில் ஒரு சிறு பூசல் எழுந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘இன்று சந்திர கிரகணம்’ என்றது செய்தித்தாள். பஞ்சாங்கமோ அதுபற்றி ஒரு சொல்லும் உரைக்கவில்லை. சமைத்த உணவை என்செய்வது என வீட்டுப் பெண்டிர் வினவினர். மொட்டைமாடியேறி நள்ளிரவு கடந்தும் நோக்கினோம். முகில் விலகிய போதெல்லாம் முழுமதி என்றும்போலவே ஒளிர்ந்தது. பொய்த்தது எது என்னும் ஐயம் தீரப் பின்னர் நூல்களைத் துருவலானோம்.

இரண்டுமே பொய்க்கவில்லை. பூமியின் நிழல் இருவகைத்து. நடுவில் இருப்பது கருநிழல். அதனைச் சூழ்ந்து, கதிரவன் ஒளி ஓரளவே மறைபடும் புறநிழல். நிலவு புறநிழலில் மட்டும் புகுந்து மீளுமாயின் விளிம்பில் சிறு மங்கலே தோன்றும். அன்று நிலவு பாதிக்குச் சற்று மிகுதியாகவே அதனுட் புகுந்தமையால் அம்மங்கலும் புலப்படவில்லை. நம் முன்னோர் கணித்தது கருநிழல் ஒன்றையே. கண்ணுக்குப் புலனாகாததற்கு நீராட்டும் நோன்பும் எதற்கு?

கிரகணங்கள் குடிவழியாக வருவன. 223 சந்திர மாதங்கள், அஃதாவது ஏறத்தாழ 18 ஆண்டு 11 நாள் 8 மணி கழிந்தபின், கதிரவனும் நிலவும் பூமியும் முன்னைய நிலைக்கே மீள்கின்றன. பாபிலோனியர் அறிந்திருந்த இச்சுற்றுக்குச் ‘சாரோஸ்’ என்னும் பெயரை இட்டவர் ஹாலி, ஆண்டு 1691. அந்த 8 மணி நேரத்தை ரயில்வே கால அட்டவணையோடு பழகிய நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்: அதனால் அடுத்த கிரகணம் உலகில் மூன்றிலொரு பங்கு மேற்கே தள்ளித் தெரியும். ஒவ்வொரு குடியும் புறநிழலில் மங்கலாகப் பிறந்து, சில நூற்றாண்டுகள் முழுக் கிரகணமாக விளங்கி, மங்கலாகவே மறையும். நாம் காணாத அந்த ஜூன் 5 கிரகணம் கி.பி. 830-இல் தோன்றிய குடியின் முதிய வாரிசு. அக்குடி 2092-இல் முடியும். ஒரே திங்கள் கழித்து ஜூலை 5-இல் நேர்ந்ததோ, 1984-இல் பிறந்த குடியின் மழலை!

சாரோஸை நம் பஞ்சாங்கக் கணிதர் கையாளவில்லை. அவர்க்கு உதவியது 248 நாட் சுற்று. நிலவு பூமிக்கு அண்மையில் வந்து மீண்டும் அண்மையில் வரும் காலம் 9 முறை அடங்கினால் 248 நாள். அந்நாட்களுக்குரிய எண்களையெல்லாம் எழுத்துகளாக மாற்றிச் சொற்றொடர்களாக்கி மனப்பாடம் செய்தனர். இம்மலைநாட்டில் வரருசி வாக்கியம் என்று வழங்குவதும் அதுவே.

இக்கணிதத்தின் திறத்தை 1825-இல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்னும் அதிகாரி நேரிற் கண்டார். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மன்னர் வானாய்வுக்கூடம் நிறுவுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னர் அது. தமிழ்க் கணிதர் ஒருவர் தரையிற் சோழிகளைப் பரப்பி, ஏடும் எழுதுகோலுமின்றி, நினைவிலிருந்த வாக்கியங்களைக் கொண்டே மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களுக்கு இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்திற் பிழை 4 நிமிடமே. நடுவில் 23, முடிவில் 52. பிழை வளர்ந்ததை மறைப்பது முறையன்று. எனினும் கருவி எதுவுமின்றி 4 நிமிடம்! அவர்க்கு வானியற் கொள்கை எதுவும் தெரியாது என்றும் வாரன் எழுதினார். அச்சொல் நமக்குச் சற்றே உறுத்துகிறது. வழிவழியாக வந்த வாய்பாட்டைப் பிழையறக் காத்தவரையும் அறிஞர் வரிசையில் வைத்தல் தகும்.

அவர் கணித்த கிரகணத்தின் குடி பின்னர் எட்டுச் சுற்றுக் கண்டது. கடைசி உறுப்பு 1969 ஆகஸ்டு 27-இல் நேர்ந்தது. நிலவின் விட்டத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே அன்று புறநிழலைத் தீண்டிற்று.