செத்தே போன டீம்

சூப்பர் ஹீரோ சாகவே மாட்டான்னு நம்பிட்டிருந்தவன் நான். 1968-ல வந்த 'டூம் பேட்ரோல்' 121-வது இதழைப் படிச்சதும் அந்த நம்பிக்கை போச்சு. டிசி காமிக்ஸ்ல 1963-ல ஆரம்பிச்ச தொடர். விற்பனை சரிஞ்சதால கடைசி இதழ்.

வில்லன் ஸால் இவங்களை ஒரு தீவுல மடக்கிட்டு கேக்குறான்: நீங்க சாகறீங்களா, இல்ல காட்ஸ்வில்ங்கற மீனவ கிராமத்துல 14 பேர் சாகட்டுமா? முன்னப்பின்ன தெரியாத 14 பேருங்க! நாலு ஹீரோக்களும் எங்களையே கொல்லுன்னுட்டாங்க. தீவு வெடிச்சுது. அவ்ளோதான்.

ஓவியர் புரூனோ பிரெமியானியும் எடிட்டர் முர்ரே போல்டினாஃபும் கதைக்குள்ளயே வந்து, இவங்க பொழைக்கிறது வாசகர் கையிலதான்னு சொல்றாங்க. எழுதின ஆர்னால்ட் டிரேக்கை மட்டும் காணோம். கூலித் தகராறுல அவர் டிசியை விட்டுப் போயிருந்தார். எனக்கு ரொம்ப உறுத்தினது அதுதான்.

ரோபோமேன் 1977-ல திரும்பி வந்தான், வேற எழுத்தாளர் கையில.