சபை என்றால் யார்?

ஆண்டுப் பொதுக்கூட்ட நோட்டீஸில் "ஆலய நிர்வாக சபை" என்று போட்டிருக்கோம். சபை சர்ச்சுக்காரங்க சொல்லாச்சே என்று இளைஞர்கள் சிலர் கேட்டார்கள்.

கிறிஸ்தவர்கள் திருச்சபை என்பது உண்மைதான். ரோமில் 1962 முதல் 1965 வரை ஆயர்கள் கூடியதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்கிறார்கள். ஆனால் சபையும் சங்கமும் அதற்கு ரொம்ப முன்னாடியே தமிழில் இருந்தவை. நடராஜர் ஆடுவதே பொற்சபையில்தானே.

சோழர் காலத்தில் பிராமணர் ஊரில் கூடியது சபை, வேளாளர் கூடியது ஊர், வணிகர் கூடியது நகரம். கல்வெட்டில் தங்களை "சபையோம்", "ஊரோம்", "நகரத்தோம்" என்பார்கள். அதாவது "நாங்கள்".

காஞ்சிபுரம் பக்கம் உத்தரமேரூர் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து விதிகள் இருக்கு, 919லும் 921லும் வெட்டியது. 30 குடும்புகள். தகுதியானவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வயது 35க்கு மேல், 70க்குள். நிலமும் வேதப் படிப்பும் வேணும்; நம்மில் பலருக்கு அங்கே இடம் கிடைத்திருக்காது, அதையும் சொல்லணும்.

ஆனா ஒரு விதி பாருங்க. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவர் மட்டுமில்லை, அப்பா, மகன், மாமனார், மைத்துனர், மருமகன் யாருமே கூடாது!

நம்ம கணக்கு, திருவிழா உபய ரசீதுகளோடு ஆலய அலுவலகத்தில் இருக்கு. கூட்டத்துக்கு முன்னாடியே வந்து பார்க்கலாம். போன தடவை ஆள் பத்தாமல் அரை மணி நேரம் காத்திருந்தோம். இந்த முறை குடும்பத்தோட வாங்க.