ஆணையும் சொல்லும்: நாஜி ஜெர்மனியின் மொழி

1933 மார்ச் 23 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அதிகாரமளிப்புச் சட்டம், தன் ஒப்புதலின்றியே சட்டமியற்றும் உரிமையை ஹிட்லரின் அமைச்சரவைக்கு அளித்தது. அதன்பின் அரசாணைகள் மக்களின் அன்றாட வழக்கிலும் புகுந்தன. 'ஹைல் ஹிட்லர்' அலுவலக வணக்கமாயிற்று. 1938 ஆகஸ்டு ஆணை, அரசுப் பட்டியலிலுள்ள பெயர்களைத் தாங்காத யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் 'சாரா' என்றும் கூடுதல் பெயர் ஏற்க வேண்டுமென விதித்தது. இயற்பெயரே அடையாள முத்திரையாயிற்று.

டிரெஸ்டனில் பேராசிரியராயிருந்து 1935இல் பதவியிழந்த யூத மொழியறிஞர் விக்டர் கிளெம்பரர், இம்மாற்றங்களை நாட்குறிப்பில் மறைவாகப் பதிந்து, 1947இல் நூலாக்கினார். வெறியைச் சுட்டும் இழிசொல்லாக இருந்த 'ஃபனாட்டிஷ்', ஆட்சியாளர் வழக்கில் புகழ்ச்சொல்லானதை அவர் விளக்குகிறார்.

மொழிபெயர்ப்பாளருக்கு இது நடைமுறைச் சிக்கலுமாகும். 'சோண்டர்பெஹாண்ட்லுங்' என்பதன் நேர்ப்பொருள் 'தனி நடத்துகை'. நாஜிக் காவல்துறை ஆவணங்களிலோ அது கொலையைக் குறித்தது. அகராதிப்படி மட்டும் பெயர்த்தால் கொலை மறையும். 'கொலை' என்றே பெயர்த்தால், அதனை மறைக்க அரசு மொழியைக் கையாண்ட முறை மறையும். எனவே நேர்ப்பொருளைப் பாடத்திலும் உட்பொருளை அடிக்குறிப்பிலும் தருதலே தக்கது எனலாம்.