கடைசிக் குச்சி யாருக்கு? மிஸேர் ஆட்டங்களின் வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

ஜான் கான்வே 1976இல் வெளியிட்ட ‘ஆன் நம்பர்ஸ் அண்ட் கேம்ஸ்’ நூலில் மிஸேர் ஆட்டங்களுக்கு, அதாவது கடைசி நகர்வைச் செய்தவர் தோற்கும் ஆட்டங்களுக்கு, பன்னிரண்டாம் இயல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கடைசியாக ஆடியவர் வெல்வது ‘இயல்பு’, தோற்பது அதன் திரிபு என்பதே நூலின் அடுக்குமுறை. கோட்பாட்டின் வசதிக்கு அது சரி. வரலாறாக அதைப் படிப்பது எனக்கு ஏற்புடையதன்று.

குவியல்களிலிருந்து காய்களை எடுத்துக்கொண்டே போகும் நிம் ஆட்டம் பற்றிய சார்லஸ் பூட்டனின் கட்டுரைக்கே திரும்புவோம். ‘ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழின் 1901-02 தொகுதியில் வந்தது. ஆண்டைச் சிலர் 1901 என்பர், சிலர் 1902 என்பர். குவியல்களை இரும எண்களாக எழுதிப் பாதுகாப்பான நிலைகளைக் கண்டறியும் வழியை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆறாம் பகுதியில் உள்ள ஒரு வாக்கியத்தை அவ்வளவாக யாரும் பொருட்படுத்துவதில்லை. கடைசிக் காயை எடுப்பவர் தோற்கும் வடிவமே, தாம் முதலில் விவரித்ததைவிடப் பரவலாக அறியப்பட்டதாகத் தோன்றுகிறது. ஆனால் அதன் கோட்பாடு அவ்வளவு எளிதன்று என்கிறார் பூட்டன். இந்த வடிவத்தை 1899 அக்டோபரில் பால் இ. மோர் என்பவர் தமக்குச் சொன்னதாகவும், ஆடும் முறையையும் அவரே தந்ததாகவும், அதற்கு நிறுவல் மட்டும் அவரிடம் இல்லை என்றும் அடிக்குறிப்பில் பதிவுசெய்கிறார்.

விதியின் வேறுபாடு நூலிழைதான். 1, 1, 4 என மூன்று குவியல்கள் இருக்கட்டும். இயல்பு ஆட்டத்தில் 4 குச்சிகளையும் அள்ளிவிட வேண்டும். மிஸேரில் 3 எடுத்து ஒன்றை விட்டுவைக்க வேண்டும். 1, 1, 1 என்ற நிலையில் எதிராளிதான் கடைசிக் குச்சியை எடுப்பார். ஒரு குவியலில் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட குச்சிகள் மிஞ்சும் இந்தக் கட்டம் வரும்வரை இரண்டுக்கும் ஒரே வழி.

‘பரவலானது’ என்பது ‘முந்தியது’ ஆகிவிடாது. எந்த வட்டாரத்தில் பரவல் என்பதையும் பூட்டனின் அந்த வாக்கியம் சொல்லவில்லை. எனக்கு எதிரான சான்றும் உண்டு: 1907இல் புதிர் எழுத்தாளர் டியூடனி வெளியிட்ட கெய்ல்ஸ் புதிரில் கடைசிக் கட்டையை வீழ்த்துபவரே வெல்கிறார். ஆனாலும் சதுரங்கப் புதிர் வல்லுநர் டி. ஆர். டாசன் 1935இல் தம் சிப்பாய் ஆட்டத்தை முன்வைத்தபோது, கடைசியாக நகர்த்துபவர் தோற்பார் என்றுதான் விதித்தார். 1956இல் கணிதவியலாளர்கள் கையும் ஸ்மித்தும் விடை கண்டது அந்த ஆட்டத்தின் இயல்பு வடிவத்துக்கு. தொடக்கத்துச் சில விலக்குகள் நீங்கலாக, பலகையின் நீளம் கூடக்கூட ஆட்ட மதிப்புகள் 34க்கு ஒருமுறை திரும்புகின்றன. டாசன் கேட்ட கேள்வி அப்படியே நின்றது. நாள்களை உறுதிசெய்ய இயலாவிட்டாலும், திரிபு எனப்படுவது ஆடுகளத்தில் வேரூன்றியிருந்தது என்றும், கணிதம் தனக்கு எளிதானதை இயல்பாக்கிக்கொண்டது என்றும் துணிந்து சொல்வேன்.

மிஸேர் ஒரு காடு என்பதற்குக் கான்வே காட்டும் கணக்கில் பிழையில்லை. இருவருக்கும் ஒரே நகர்வுகள் உள்ள ஆட்டங்களில், நான்கு நகர்வுக்குள் முடிபவை இயல்பு விதியில் 5 வகை, மிஸேரில் 22. ஐந்து நகர்வு என்றால் 6க்கு எதிரே 41,71,780. அந்த 22 வகைகளிலிருந்து அமைக்கக்கூடிய தொகுப்புகள் மொத்தம் 41,94,304. சுருங்கி மறைபவை 22,524 மட்டுமே. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! கிரண்டியும் ஸ்மித்தும் 1956இல் கண்ட சுருக்க விதிக்கு அப்பால் வேறு விதி கிடையாது என்பதையும் கான்வே நிறுவினார்.

ஆனால் உலகிலுள்ள எல்லா ஆட்டங்களோடும் சேர்த்து ஒப்பிடுவதால் வரும் பெருக்கம் இது. மிஸேர் கெய்ல்ஸுக்குச் சிபர்ட் கண்ட தீர்வு 1992இல் அச்சேறியபோது உடனாசிரியர் கான்வேதான். 2005இல் பிளாம்பெக், ஓர் ஆட்டத்தின் நிலைகளை அந்த ஆட்டத்துக்குள்ளேயே ஒப்பிட்டால் போதும் என்று காட்டினார். குவியலுக்கு 3 குச்சிகளுக்கு மேற்படாத நிம்மை அப்படிப் பகுத்தால் இயல்பு விதியில் 4 வகை, மிஸேரில் வெறும் 6. கூடுதலான இரண்டும் குவியலுக்கு ஒரு குச்சிக்கு மேல் இல்லாத நிலைகள். குச்சிகள் ஒற்றைப்படையானால் ஒரு வகை, இரட்டைப்படையானால் மற்றொன்று. பூட்டன் தம் ஆறாம் பகுதியில் விதிவிலக்காகப் பிரித்தெடுத்தவையும் இவையே.